நாலு விரல் குட்டை

என் மருமகள் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் ஏற வரும் பிள்ளைகளுக்கு உயரம் அளப்பவள். நான் அங்கேயே கூட்டிப் பெருக்குகிறேன். இப்போது வருகிற சனத்துக்கு வாயும் நீளம், கையும் நீளம்.

நேற்று ஒருவன் மகளின் ஷூவுக்குள் துணியைத் திணித்துக் கூட்டிவந்தான். மருமகள் கழற்றச் சொன்னாள். குழந்தை அளவுகோட்டுக்கு நாலு விரல் குட்டை.

"காசு குடுத்து வந்திருக்கேன், கதவத் தெறடி!" என்று கையிலிருந்த ஜூஸை அவள் முகத்தில் ஊற்றினான்.

"பெல்ட்டுல நிக்காது சார், புள்ள நழுவி விழுந்துரும்."

ஏற்கெனவே அவள்மேல் இரண்டு புகார். மூன்றானால் வேலை போய்விடும். ஓடிவந்த மேலாளர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் விளக்குமாற்றை ஓங்கினேன்.

"அத்தை, சும்மா இருங்க" என்றவள், அவனிடம் "மன்னிச்சிடுங்க சார்" என்றாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

அவன் புகார் எழுதிவிட்டுத்தான் போனான். ஃபோன் பண்ணிச் சொல்லும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார் மேலாளர். இன்று விடிந்ததிலிருந்து சீருடையோடு வாசலுக்கும் ஃபோனுக்குமாக நடக்கிறாள். "உக்காருடி" என்றால் கேட்பதில்லை.