அரிசிக்குள் சூட மிட்டாய்

போன வாரம் தேனியில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். தொட்டிக்குள் வெள்ளை வெளேரென்று அந்துருண்டைகள் கிடந்தன. குழாயைத் திறக்கும் முன்பே வாய் தானாக எண்ணிவிட்டது: ஐந்து. பின்னால் நின்ற நண்பர், “என்னங்க, குழாய்க்கு முன்னாடி ஜெபமா பண்றீக?” என்றார். ஏறக்குறைய அப்படித்தான். கல்யாண மண்டபமானாலும் சரி, சினிமாக் கொட்டகையானாலும் சரி, அந்த உருண்டையைக் கண்டால் எண்ணாமல் நகர முடியாது எனக்கு. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பத்தாவதோடு படிப்பை விட்டு, எங்கள் வடுகபட்டிச் சந்தையில் பூண்டு மூட்டை தைத்துக்கொண்டிருந்தவனை, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் லேப் அட்டெண்டராக எடுத்துக்கொண்டார்கள். தற்காலிக வேலைதான். முதல் மாதம் முழுக்க நான் கழுவிய சோதனைக் குழாய்களில் பூண்டு வாசம் அடிப்பதாக வேதியியல் வாத்தியார் புகார் சொன்னார். எனக்குச் சிலுவை போடத் தெரியாது. எங்கள் வீட்டுச் சாமி கருப்பன். ஆனாலும் அந்தப் பள்ளியில் கொஞ்ச நாள் இருந்தால் யாருக்கும் காலண்டர் மாறிவிடும். மாசி, பங்குனி எல்லாம் மறந்துபோய், தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி என்றுதான் நாள் ஓடும்.

தவக்காலம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பையன்களின் கால்சட்டைப் பை. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில், வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவனும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கிவரக் கூடாது. அம்மா உலைக்கு எடுத்து வைத்த அரிசியிலிருந்து அவனே தன் கையால் ஒரு பிடி எடுக்க வேண்டும். வீட்டுச் சோற்றில் ஒரு வாய் குறைய வேண்டும், அதுதான் தலைமையாசிரியர் ஃபாதரின் சட்டம். சிலர் கைக்குட்டையில் முடிந்து வருவார்கள், பலர் பையில் அப்படியே போட்டுக்கொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வருவார்கள். பொன்னி, பச்சரிசி, ரேஷன் புழுங்கல், கூடவே பென்சில் சீவலும் கோலிக்குண்டும் என் லேப் வாசலில் நின்ற ஆறு நீல டிரம்களில் விழும். விடுதிச் சமையல் சூசையம்மா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இத ஒலையில போட்டா பாதி கொழையும், பாதி நம்மள மொறைக்கும்” என்பார்.

ஃபாதர் சொல்லாமலே பையன்கள் நடத்திவந்த வழக்கம் ஒன்றும் இருந்தது. தவக்காலத்தில் பிடித்தமான ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டும், ஒறுத்தல் என்பார்கள். பெரும்பாலோர் விட்டது சூட மிட்டாய். பள்ளி வாசல் கடையில் பாட்டிலில் இருக்கும் வெள்ளை மிட்டாய், வாயில் போட்டால் மூக்குவரை குளிரும். விட்டால் விட்டதோடு போகவில்லை. வழக்கம்போல வாங்குவார்கள், தின்னாமல் கொண்டுவந்து அரிசிக்குள் புதைத்துவிடுவார்கள். அரிசி போகும் இடம் மேகமலையில் மூடிக் கிடந்த ஓர் எஸ்டேட். வேலை போன பிறகும் போக்கிடமில்லாமல், லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். மூட்டை இறங்கியதும் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவார்கள். முதல் வருஷம் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு மிட்டாய் கிடைத்ததும் அந்த மலையே கேட்கிறமாதிரி ஒரு கூச்சல் போடுவார்கள் பாருங்கள்!

இரண்டாம் வருஷம் அரிசியில் வண்டு விழுந்தது. “வேப்பலையப் போடுலே, இல்ல நாலு வத்தலப் போடு” என்றார் சூசையம்மா அக்கா. நான் கேட்பேனா? நான்தான் விஞ்ஞானக் கூடத்து ஆள் ஆயிற்றே. விலங்கியல் பூச்சிப் பெட்டிகளுக்கு அந்துருண்டை போடுவது என் வேலை. பூச்சிக்கு ஆகுமென்றால் வண்டுக்கும் ஆகும் என்று முடிவு செய்து, கட்டுத்துணியில் நாலு நாலாகப் பொட்டலம் கட்டி டிரம்முக்கு ஒன்று இறக்கினேன். ஆறாவது பொட்டலம் கட்டும்போது பாட்டில் காலியானது. அதில் நாலு தேறியதா, இரண்டுதான் தேறியதா என்று அப்போது கவனிக்கவில்லை. திங்கட்கிழமைதான் அரிசி போகும், ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை பையன்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு குருத்தோலை வெட்டப் போனேன். உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் தோப்பில் வருஷாவருஷம் சும்மாவே தருவார்கள். ஓலைக் கட்டோடு மத்தியானம் திரும்பினால், லேப் வாசலில் ஆறு டிரம்மும் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. மலைக்குப் போகிற சுருளியின் ஜீப் வந்ததாம். இரண்டு நாள் முன்னதாகவே போகட்டும் என்று மீதிப் பையன்கள் அரிசியை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்களாம்.

“துணிப் பொட்டலம் கெடந்துச்சாலே?” என்றேன்.

“வெறும் துணிதாண்ணே கெடந்துச்சு. முடிச்சு அவுந்து போச்சு. தூரப் போட்டுட்டோம்.”

“நாத்தம் அடிக்கலையாலே?”

“லேப்புகிட்ட என்னைக்குண்ணே நாத்தம் அடிக்காம இருந்துச்சு?”

சுருளி நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்குப்பொடி போடுகிறவர். அவருக்குப் பெட்ரோல் வாடையே எட்டாது. காலி பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். லேபிளில் மண்டை ஓடும் எலும்பும் போட்டிருந்தது. வெள்ளையாய், உருண்டையாய், குளிர்ச்சியான வாசத்தோடு இருபதுக்கு மேல். அரிசிக்குள் வெள்ளையாக எது அகப்பட்டாலும் வாயில் போட்டுக்கொள்ளப் பழகிய பிள்ளைகள். எஸ்டேட் ஆபீஸ் போன் செத்து மாதக்கணக்காகிறது.

நேரே சூசையம்மா அக்காவிடம் ஓடினேன். கரண்டியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட நின்னு அழுதா என்னத்துக்குலே ஆகும்? ஃபாதருகிட்டச் சொல்லு. கோயில்ல பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கிட்டு இருக்காக.”

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைகள் அப்படித்தான். பாவம் சொல்ல நாற்பது பையன்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையைத் தாண்டிப் போக எனக்குத் தைரியமில்லை. கடைசியில் போய் நின்றேன். ஒருவன் திரும்பி, “அண்ணே, நீங்க இதுல சேத்தி இல்லையே?” என்றான். “போடா” என்றேன். நாலு பேர் நகர்ந்ததும் பொறுக்க முடியாமல் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய் முழங்காலிட்டேன். சல்லடைத் தடுப்புக்குப் பின்னால் ஃபாதரின் காது மட்டும் தெரிந்தது.

“ஃபாதர், நான் பாவம் சொல்ல வரல. அரிசியில அந்துருண்டை போட்டுட்டேன்.”

காது சல்லடையோடு ஒட்டிக்கொண்டது. “எத்தனை?”

“இருபத்திரண்டு. இல்ல இருபத்திநாலு.”

ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நாற்பது பையன்களும் வாய் பிளந்து நின்றார்கள். சாமியாரே எழுந்து ஓடுகிற அளவுக்கு லேப்பண்ணன் என்ன பாவம் செய்தார் என்று விடுதியில் ரொம்ப நாள் ஆராய்ச்சி நடந்தது.

ஃபாதரின் புல்லட்டில் சின்னமனூர் தாண்டி மலை ஏறினோம். அன்றைய மேகமலை ரோடு ரோடே இல்லை, உருட்டிவிட்ட கல். ஒவ்வொரு வளைவிலும் கருப்பனுக்கு ஒரு வேண்டுதல், அடுத்த வளைவில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று மாற்றி மாற்றி வைத்தேன். முன்னால் ஃபாதர் செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், “வண்டுக்காம், அந்துருண்டையாம்” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் காலியாக நின்றது. ஆறு மூட்டையும் பழைய எடைக் கொட்டகையில் வாய் பிரிந்து கிடந்தன. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வயசுப் பிள்ளை ஒன்றுக்குக் கன்னம் புடைத்திருந்தது. பாய்ந்து போய் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். சூட மிட்டாய். பிள்ளை வீறிட்டது. அதன் அம்மா பேச்சியம்மா, “யாருய்யா நீ, பிள்ள வாயில இருக்கதப் பிடுங்குற?” என்று விளக்குமாறோடு வந்தார். ஃபாதரைப் பார்த்ததும்தான் நின்றார்.

எல்லா அரிசியையும் கொட்டகைத் தரையில் பரப்பினோம். லயன் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். இருபது வரை சீக்கிரம் வந்துவிட்டது. பிறகு இருபத்தொன்று. இருட்டுகிற நேரத்தில் இருபத்திரண்டு. அதற்குமேல் வரவில்லை. “எத்தனய்யா போட்ட?” என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். நான் பொறுக்கியதை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

எஸ்டேட் மூடிய பிறகும் மருந்துப் பெட்டியோடு லயனிலேயே தங்கிவிட்ட கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்: “முழுங்கியிருந்தா ஒடனே ஒண்ணும் தெரியாது. மூணு நாளைக்குப் பிள்ளைக ஒண்ணுக்குப் போறதப் பாருங்க. பால் விடாத கட்டன்சாயா நெறத்துல போச்சுன்னா தூக்கிக்கிட்டுக் கீழ ஓடணும்.”

ஜீப்பை மூன்று நாளும் அங்கேயே நிறுத்திவைக்கச் சொன்னார் ஃபாதர். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. நான் வெட்டிய ஓலையெல்லாம் கீழே பள்ளியில் கிடக்க, இங்கே ஆளுக்கொரு ஏலச்செடித் தோகையைப் பிடித்துக்கொண்டு லயனைச் சுற்றி வந்தார்கள். எல்லோரும் ஓசன்னா பாடினார்கள். நான் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு பின்னால் போனேன். பத்தொன்பது.

பூசை முடிந்ததும் அரிசியைப் புதைக்கக் குழி வெட்டச் சொன்னார் ஃபாதர். பேச்சியம்மா குறுக்கே வந்து நின்றார். “எங்களுக்குன்னு குடுத்தத எங்கள ஒரு வார்த்த கேக்காமப் பொதைப்பீகளா? கழுவி வெயில்ல போட்டா வாட போயிரும்.” “சரி ஆத்தா, நீயே பொங்கிப் பாத்துச் சொல்லு” என்றார் ஃபாதர். ஒரு பிடியை நாலு தண்ணீரில் கழுவி உலையில் போட்டார் பேச்சியம்மா. மூடியைத் திறந்ததும் லயன் முழுக்கப் பழைய பீரோ வாடை. யாரையும் பார்க்காமல் அந்தச் சட்டியோடு நடந்துபோய்க் குழியில் முதலில் கவிழ்த்தது அவர்தான். பிறகு நாங்கள் ஆறு மூட்டையையும் தள்ளினோம். ஆறு வெள்ளிக்கிழமை, எத்தனையோ வீட்டு உலையில் குறைந்த அரிசி. மண்ணைத் தள்ளும்போது ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஃபாதர் கீழே இறங்கினார். அன்று சாயங்காலமே வேறொரு வண்டியில் விடுதி அரிசி மேலே வந்தது. திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் அவர் பேசியது இவ்வளவுதானாம்: “அரிசியைக் கெடுத்தது நாங்க. இன்னொரு பிடி வேணும்.” ‘நாங்க’ என்றாராம். என் பேரைச் சொல்லவே இல்லை.

மூன்று நாள் நான் அங்கேயே கிடந்தேன். எந்தப் பிள்ளை புதர்ப் பக்கம் ஒதுங்கினாலும் பின்னாலேயே ஓடுவேன். முதல் நாள் பெண்கள் முறைத்தார்கள். இரண்டாம் நாள், “ஏலே, ஒண்ணுக்கு சாரு வந்துட்டாக, கூப்பிட்டுக் காட்டுங்கடா!” என்று சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பயல் வேண்டுமென்றே பாறையில் கட்டன்சாயாவை ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பாதி தூரம் ஓடிவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பவுண்டர், “போதும் தம்பி, எறங்குங்க” என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிச்ச இரண்டு உருண்டை இருந்ததா, இல்லவே இல்லையா, இன்றுவரை தெரியாது.

அடுத்த தவக்காலத்தில் ஃபாதர் என்னை அழைத்து அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னார்: ‘அரிசியில் மிட்டாய் போடக் கூடாது. தனி டப்பாவில் போடவும்.’ குண்டு குண்டாக எழுதினேன். டப்பா நிறைந்தது. லயனில் பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கு மூன்று கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நேரே மூட்டைப் பக்கம் போய் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார்கள். வெகுநேரம் துழாவினார்கள். பேச்சியம்மாவின் மகள் வெறுங்கையை உதறிக்கொண்டு வந்து, “சாரு, இந்த வருசம் ஏன் ஒளிச்சு வைக்கல?” என்று கேட்டாள்.

இப்போது அந்தப் பள்ளியில் தவக்காலத்துக்குப் பிடி அரிசி கிடையாது. அச்சடித்த உறை கொடுக்கிறார்கள். டிரம்களில் செடி வைத்திருக்கிறார்கள். லயன் வீடுகளுக்குக் கூரை இல்லை, ஆட்கள் திருப்பூர் பக்கம் போய்விட்டார்களாம். இதெல்லாம் எப்படியும் போயிருக்கும்; அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் டப்பா வந்த இரண்டாம் வருஷம் நான் போனபோது, மூட்டைகள் வாய் பிரிந்து கிடந்தன. ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் போகவில்லை. சத்தமில்லாமல் வரிசையில் வந்து நின்று, ஒவ்வொன்றாக என் முன்னால் கையை நீட்டின.