சோதிக்காத பொட்டலம்

நான் ஒரு பொய் சொன்னேன். சீன மருந்துக்கடையில் வாங்கிய மூலிகைப் பொட்டலம் ஒன்றை என் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்ததாகவும், அதில் கலப்படம் இருந்ததாகவும் என் மனைவியிடம் சொன்னேன். நான் எதையும் சோதிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. உணவுப் பொருள்களைச் சோதிப்பதுதான் அப்போது என் வேலை என்பதால் அவள் நம்பினாள். நம்பியதால் தன் தோழியை இழந்தாள். இதை எழுத எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. எதிர்வீட்டில் ஒரு சீன அம்மாள், கணவரை இழந்தவர், மகளோடு இருந்தார். சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். மரியாதை விகுதி மட்டும் அவருக்கு வரவே இல்லை. என்னை "சார்" என்பார், அடுத்த சொல் "நீ" என்று வரும். என் மனைவிக்கு அவர் அக்கா. அவருக்கு இவள் தங்கச்சி.

அவரிடமிருந்து எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது வெந்நீர். காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் ஒரு குவளை. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வியர்வையோடு மின்விசிறிக்குக் கீழே நிற்கக் கூடாது. ஈரத்தலையோடு படுக்கக் கூடாது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிந்து, மாடிப்படி இறங்கி நூறடி நடந்துவிட்டு வர வேண்டும். மழை பிடித்துக்கொண்ட வாரங்களில் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரில் கால்களை ஊறவைக்க வேண்டும். அதற்காக என் மனைவி பாசாரில் ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின் வாங்கினாள். சூடு, குளிர்ச்சி, வாய்வு என்று அந்த அம்மாள் பேசியதெல்லாம் தன் அம்மா பேசியதுபோலவே இருக்கிறது என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

"நோவு வந்தப்புறம் டாக்டர்கிட்ட போலாம் சார், நான் வேணாம்னு சொல்லல," என்பார் அந்த அம்மாள். "வராம இருக்கறதுக்கு யார்கிட்ட போவ?"

விடியற்காலையில் இருவரும் பக்கத்துத் திடலுக்குப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு சீனப் பெண்கள் வரிசையாக நின்று கையை மெல்ல வானத்துக்கு உயர்த்தி, இடுப்பைத் திருப்பி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். கடைசி வரிசையில் சுரிதாரும் கான்வாஸ் சப்பாத்துமாக என் மனைவி. நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எல்லாரும் இடப்பக்கம் திரும்பும்போது இவள் மட்டும் வலப்பக்கம் திரும்புவாள், உடனே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

காடெரிந்த புகைமூட்டம் கிள்ளான் முதல் எங்கள் தெருவரை மூடிய ஒரு மாதத்தில், பேரிக்காயும் வெள்ளைக் காளானும் போட்டு வேகவைத்த சூப் வாரம் இரண்டு முறை எதிர்வீட்டிலிருந்து வந்தது. "நெஞ்சு காய்ஞ்சிடும் சார், ஈரமா வெச்சிக்கோ." குடித்துவிட்டு, "வெறும் சர்க்கரைத் தண்ணி" என்றேன். உண்மையில் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பாத்திரத்தின் அடியில் கிடந்ததையும் வழித்துத் தின்றேன்.

பிறகு ஏன் அந்தப் பொய்? அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு என் அலுவலக நண்பர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் ஐஸ் கேட்டார். "சாப்பாட்டோட ஐஸ் வேணாம் அண்ணே, வயிறு மந்தமாயிடும்," என்று என் மனைவி செவ்வந்திப்பூத் தேநீரை ஊற்றினாள். அவர் என்னைப் பார்த்து, "என்ன பாஸ், வீட்டுக்குள்ளயே சின்சே வெச்சிருக்கீங்க! நம்ம லேப்ப மூடிடலாம் லா!" என்றார். சீன வைத்தியரைத்தான் எங்கள் ஊரில் சின்சே என்போம். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுவாரம் எனக்கு இருமல் வந்தபோது, "இருங்க, அக்காவக் கேட்டுட்டு வர்றேன்," என்று அவள் கதவைத் திறந்தாள். படித்தவன் நான், பட்டம் பெற்றவன், அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த அம்மாளின் அண்ணன் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். பொட்டலத்தைப் பழுப்புத் தாளில் மடித்துச் சிவப்பு நூலால் கட்டிக் கொடுப்பார். எங்கள் மாடியில் இன்னும் இரண்டு தமிழ் வீடுகள் அவரிடம் சூப்புச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தன. என் மனைவி வாங்கி வந்த ஒரு பொட்டலத்தை, "லேப்ல பார்த்துட்டுத் தர்றேன்," என்று எடுத்துப் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். "கலப்படம். மாத்திரையப் பொடிச்சுக் கலந்திருக்கான்."

"அக்காவோட அண்ணனா? அவர் அப்படிச் செய்வாரா?"

"மெஷினுக்கு அண்ணன் தம்பி தெரியாது."

நான் எதிர்பார்த்ததுபோல அவள் அமைதியாக நிறுத்திக்கொள்ளவில்லை. அக்காவும் அதைத்தானே குடிக்கிறார் என்று பதறி எதிர்வீட்டுக்கு ஓடினாள், மற்ற இரண்டு வீடுகளுக்கும் சொன்னாள். என் வீட்டு வாசலில் நின்றபடி எதிர்வீட்டுப் பேச்சைக் கேட்டேன்.

"சார் டெஸ்ட் பண்ணிச்சா?"

"ஆமாக்கா."

உள்ளே ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி தங்கச்சி," என்றார் அந்த அம்மாள்.

அதற்குப்பின் சூப் வரவில்லை. அண்ணனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டு அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று என் மனைவி திடலுக்குப் போவதை விட்டாள். சில மாதங்களில் எதிர்வீடு காலியானது. மகளோடு கிள்ளானுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நீலப் பேசினில் என் மனைவி துணி ஊறவைக்கத் தொடங்கினாள்.

போன வருஷம் எனக்கு இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது. கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருத்தி, "அங்கிள், நோய் இன்னும் வரல, வராம பார்த்துக்கலாம்," என்றாள். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடியுங்கள், சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள், நேரத்தோடு தூங்குங்கள், இனிப்புப் பானம் வேண்டாம். என் மனைவி சிரித்தாள். "இதெல்லாம் எங்க அக்கா அப்பவே சொல்லிச்சு டாக்டர்." வெளியே வந்து மோனோரயில் பாலத்துக்குக் கீழே நடக்கும்போது தனக்குத்தானே சொன்னாள்: "பாவம் அக்கா. சொந்த அண்ணனே ஏமாத்திட்டான்."

பதினேழு வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு நடந்தாள். அன்று சமைத்தாள், எனக்குப் பரிமாறினாள், தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான்காம் நாள்தான் பேசினாள். "அக்கா எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிங்க."

பழைய குடித்தனக்காரர் ஒருவரிடம் மகளின் தொலைபேசி எண் இருந்தது. இருவரும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். வழி முழுவதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

அந்த அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. தலை முழுக்க வெள்ளை, முதுகு மட்டும் நேர். எங்கள் முன்னால் இரண்டு குவளை வெந்நீர் வைத்தார். நான் நின்றபடியே தொடங்கினேன்.

"உக்காரு சார். நின்னுட்டே பேசினா முட்டி நோவும்."

உட்கார்ந்து சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. கேட்டு முடித்து அவர் தலையாட்டினார்.

"தெரியும். அன்னைக்கு நீ வேலைக்குப் போனப்புறம் குப்பை போட வந்தேன். தொட்டி மேல எங்கண்ணன் பொட்டலம், செவப்பு நூலு. நூலுகூட அவுக்கல நீ. ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி வந்து டெஸ்ட்டுன்னு சொல்லுது."

"அந்தப் பொட்டலத்த என்னக்கா பண்ணீங்க?" என்றாள் என் மனைவி.

"கொதிக்க வெச்சுக் குடிச்சேன். நல்ல சாமான், வீணாக்குவாங்களா?"

என் மனைவி சிரித்தாள், உடனே அழுதாள். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ புருஷன்கூட சண்டை போடுவ. ஆனா அந்த வீட்லதான நீ தூங்கணும்? தூக்கம் கெட்டா எல்லா நோவும் வரும்."

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவர் இறந்து ஆறு வருஷமாகிறதாம். கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்களாம். "தமிழ் பொம்பளைங்க ஏன் வரலன்னு என்னைக் கேட்டுட்டே இருந்தான். எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்," என்றார். என்மேல் கோபம் இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

எங்கள் மாடியில் அந்த இரண்டு குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. இரண்டு கதவையும் தட்டி உண்மையைச் சொன்னேன். ஒரு வீட்டம்மாவுக்கு எதுவுமே ஞாபகமில்லை, "எந்தக் கடை அங்கிள்?" என்றார். மற்றவர் கதவைப் பாதி திறந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "நல்ல மனுஷன் அவர். நான் அந்தத் தெருவுல போறப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்," என்றார். கதவு சாத்தப்பட்டது. இப்போது அவர் படியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

புதன்கிழமைகளில் என் மனைவி கிள்ளானுக்குப் போகிறாள். ரயில் நிலையம்வரை நான் கூடப் போகலாம், அதற்கு மேல் என்னை அழைப்பதில்லை. போன மாதம் திரும்பி வந்தபோது பழுப்புத் தாள் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கட்டியிருந்தது சிவப்பு நூல்.

"அக்கா கட்டிக் குடுத்தாங்க. டெஸ்ட் பண்ணிட்டுக் குடிக்கிறீங்களா?"

நானே எழுந்து நூலை அவிழ்த்தேன். உள்ளே சிவப்புப் பேரீச்சை, பெயர் தெரியாத இரண்டு வேர்கள், சுருண்டு காய்ந்த ஆரஞ்சுத் தோல் துண்டு. மண்சட்டியில் நான்கு குவளைத் தண்ணீர் ஊற்றி, ஒரு குவளையாக வற்றும்வரை அடுப்படியில் நின்றேன். அவள் கூடத்தில் நீலப் பேசினில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதியை அவளுக்கு ஊற்றிக் கொண்டுபோனேன். வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வத்தியிருக்கணும்," என்றாள்.