விளக்குக்காரி எங்கே போனாள்?

போன வியாழக்கிழமை மகள் ஒரு புதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்து மோந்து பார்த்தேன். காகித வாசனை மட்டும்தான். கூலன்ட் வாசனை இல்லை.

கூலன்ட் என்றால், இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க ஊற்றுகிற, பால் நிறத்து எண்ணெய்த் தண்ணீர். மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டியில் நான் லேத் ஓட்டிய காலத்தில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாசனை விரலை விட்டுப் போகாது. இந்தப் புத்தகத்தின் முதல் பாகம் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் ஒர்க்‌ஷாப் கதவையே திறந்த மாதிரி இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் என் பெருவிரல் ரேகை வேறு, போலீஸ்காரர் பதிந்து வைத்த மாதிரி.

அந்த முதல் பாகம் மகள் நிவிக்குப் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கிடைத்த பரிசு. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நூறு வருஷம் தூங்கிய அரண்மனைக் கதை உங்களுக்குத் தெரியும் இல்லையா, பிள்ளைகளா? அதையே வேறு பக்கமாகத் திருப்பிச் சொன்ன புத்தகம். இதில் ராஜா, இளவரசி, குதிரை, சுவரில் இருக்கிற ஈ எல்லாம் தூங்கும். விளக்கேற்றுகிற பெண் ஒருத்தி மட்டும் தூங்கமாட்டாள். பார்க்க ஆளில்லாத அரண்மனையில் நூறு வருஷமும் விளக்கேற்றிக்கொண்டே இருப்பாள். கடைசியில் எல்லோரும் விழித்து விருந்துக்கு உட்காரும்போது அவள் வாசலைத் தாண்டி நடந்து போய்விடுவாள். எங்கே என்று எழுதவில்லை.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. பள்ளிக்கோ ஞாயிற்றுக்கிழமை. அதனால் வியாழன் சாயங்காலம்தான் எனக்கும் அவளுக்கும் மிச்சம். அன்றைக்குப் பார்த்துத்தான் மின்சார வாரியக்காரர்கள் லைன் வேலை செய்வார்கள். காலையில் போன கரண்ட் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வரும். டிவி கிடையாது. துணி காய்கிற கேலரியில் பாயை விரித்து, எழுத்து தெரிகிறவரைக்கும் படிப்போம்.

புத்தகம் இங்கிலீஷில். நான் தமிழில் பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷை எழுத்துக்கூட்டுவேன், அர்த்தம் பிடிபடாது. அவளுக்கு இங்கிலீஷ் ஓடும், தமிழ் திக்கும், நடுவில் மராத்தியும் இந்தியும் நுழையும். ஒரு வரி வாசிப்பாள், நிறுத்துவாள், கொடியில் தொங்குகிற துணியைப் பார்த்து, தமிழில் எப்படிச் சொல்வதென்று யோசிப்பாள்.

“அப்பா, அரண்மனையச் சுத்தி அது வந்து... காட்டா இருக்கும்ல, அந்தச் செடி. பஹுத் நிறைய.”

“முள்ளுச்செடி. மண்டிக் கிடந்துச்சுன்னு சொல்லு.”

“மண்டிக் கிடந்துச்சு” என்று மிட்டாய் மாதிரி ஒரு தரம் வாயில் உருட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள்.

இளவரசி ஸ்பிண்டிலில் கை வைத்து மயங்கி விழுந்தாள் என்றபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்க நான் நிற்பதே லேத்தில் சுழல்கிற ஸ்பிண்டில் முன்னால்தானே. “கைய வெட்டாம இருக்க கார்டு மாட்டாம யாரு மெஷின ஓட்டுனது?” என்று கேட்டேன். படத்தைக் காட்டினாள். நூல் நூற்கிற கதிர். அடுப்படியிலிருந்து என் மனைவி, “இவுகளுக்கு லீவு நாள்லயும் கம்பெனிதான்” என்றாள்.

கதை முடிந்த அன்றைக்கு மூன்று பேருக்கும் சண்டை.

“வேற அரண்மனையில வேலைக்குச் சேந்திருப்பா. நூறு வருஷ சர்வீஸ் இருக்குல்ல” என்றேன் நான்.

“அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. ஒரு லீவு உண்டா அவளுக்கு?” என்றாள் மனைவி.

“தூங்கப் போயிருப்பா” என்றாள் நிவி.

பதினைந்து வருஷம் கழித்து இப்போது இரண்டாம் பாகம். நிவிக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. வியாழக்கிழமை மட்டும் வீட்டிலிருந்தே செய்கிறாள். ஆபீஸ் பஸ்ஸிலேயே முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டாள்.

“விளக்குக்காரி எங்க போனான்னு சொல்லட்டா?”

“வாயத் திறக்காத. முதல்லேருந்து படி.”

கேலரியில் நாற்காலி போட்டோம். பாயில் உட்கார்ந்தால் என்னை எழுப்ப ஆள் வேண்டும். விழித்த அரண்மனையில் முதல் ராத்திரி வருகிறது. விளக்கை எப்படி ஏற்றுவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ராஜா இருட்டில் தூணில் முட்டிக்கொள்கிறார். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் உறைத்தது, நிவி தமிழில் சொல்ல இன்னும் ஒரு தரம்கூட நிறுத்தவில்லை. நாலு பக்கம் ஓடியிருக்கிறது. எனக்கும் புரிந்திருக்கிறது. வேலையின் கடைசி வருஷங்களில் கம்ப்யூட்டர் லேத்தோடு மல்லுக்கட்டியதில் இங்கிலீஷ் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது போல.

அவள் போன் அதிர்ந்தது. “மீட்டிங்ப்பா. உங்களுக்குத்தான் நல்லாப் புரியுதே, மிச்சத்த நீங்களே படிச்சிருங்களேன்.” தமிழில் ஒரு திக்கல் இல்லை. சென்னைப் பிள்ளைகளோடு வேலை செய்து வந்த பேச்சு.

புத்தகம் என் கையில். படிக்கலாம்தான். ராத்திரிக்குள் விளக்குக்காரி இருக்கும் இடம் தெரிந்துவிடும். பக்கத்தைத் திருப்பக்கூடச் செய்தேன்.

“நிவி, இங்க ‘தார்ன்’னு ஒரு இங்கிலீஷ் வார்த்த போட்டிருக்கே. அப்படின்னா?”

கதவருகில் திரும்பிப் பார்த்தாள். “அப்பா. இது உங்களுக்குத் தெரியாது?”

“மறந்துபோச்சும்மா.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடியைப் பார்த்தாள். “அது வந்து... காட்டா இருக்கும்ல...”

“முள்ளு” என்றேன்.

“மிச்சம் அடுத்த வியாழக்கிழமை. அதுவரைக்கும் தனியாப் படிக்கக் கூடாது” என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

நான் லேத் ஓட்டிய ஷெட் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு மாடி நிற்கிறது. கரண்ட் போனால், போனது தெரிவதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடுகிறது. அவளுக்குத் தமிழ் தெரியாததும் எனக்கு இங்கிலீஷ் தெரியாததும் எந்த நாளில் எங்களை விட்டுப் போயின என்று நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வார்த்தை தேடி அவள் கொடியைப் பார்ப்பாளே, அந்த நேரமும் அவற்றோடு போயிற்று.

புத்தகம் அவள் மேஜைமேல்தான் இருக்கிறது. அறைக் கதவும் திறந்தே கிடக்கிறது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஆகிறது.