ஹெட் போல்ட்டுக்கு நடந்த பேரம்

இந்த நேரத்தில் போஸ்ட் போடுவதற்கு மன்னிக்கணும். பாப்பா தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எங்கள் பழைய காரின் இன்ஜின் ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கிறார் மெக்கானிக் அண்ணன். ஒரிஜினல் போல்ட் கிடைக்காமல் வேறு கம்பெனி போல்ட் வாங்கினோம். எவ்வளவு டார்க், அதாவது முறுக்கு விசை, வைத்து டைட் பண்ணுவது என்பதுதான் இன்று சாயந்திரம் ஷெட்டில் பிரச்சினை. காரோடு வந்த புத்தகத்தில் ஒரு நம்பர். போல்ட் டப்பாவில் அதைவிடப் பெரிய நம்பர்.

"எதுண்ணா சரி?" என்று கேட்டேன்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா பேஜார் பண்ணிகினு? ரெண்டுக்கும் நடுவுல வச்சிடலாம். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல."

"கம்மியா இருந்தா ஹெட்டுக்கு அடியில இருக்கற கேஸ்கெட் போயிடுமாம், அதிகமானா போல்ட் அறுந்துடுமாம்ணா."

"அதுக்குத்தாம்மா நடுவுல!"

என் வீட்டுக்காரர் பட்டுப் புடவை வியாபாரி. "கரெக்ட்டுதானே, எல்லா பேரமும் அங்கதானே முடியுது" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார்.

புடவை விலை குறைந்தால் லாபம்தான் போகும். இந்தக் காரில் பாப்பாவோடு வந்தவாசிக்குப் போகணும்.

காலையில் ஷெட் திறந்ததும் டைட் பண்ணிவிடுவார்கள். வேறு கம்பெனி போல்ட் போட்டவர்கள் எந்த நம்பரை வைத்தீர்கள்? "நடுவுல" என்று மட்டும் யாரும் சொல்லாதீங்க. சீக்கிரம் பதில் போடுங்க.