நான் டயாலிசிஸுக்குப் போகாத சனிக்கிழமை

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குப் போகிறோம். நடவு நடந்தாலும், எனக்கே காய்ச்சல் அடித்தாலும் நான் கூடப் போயாக வேண்டும்.

போன தை மாதம், ஒரத்தநாட்டிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தாள். அண்ணனுக்கு நான் தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், “அண்ணி, இந்தச் சனிக்கிழமை நான் அண்ணனோட போறேன். நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க,” என்றாள்.

“நான் எங்க போறது?”

கட்டிலிலிருந்து அவர் சொன்னார்: “பூம்புகார் போகணும்னு எத்தனை தடவை கேட்டிருக்க. போயேன்.”

அதன்பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்த ஊதாப் புடவையை எடுத்து இரண்டு முறை இஸ்திரி போட்டேன். மாத்திரை, சாப்பாடு, ஊசி போடும் கை என்று நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்ததே இரண்டு பக்கம் வந்தது. “இவ்வளவையுமா மனசுலயே வெச்சிருந்தீங்க?” என்றாள்.

சனிக்கிழமை காலை அவர்களைத் தஞ்சாவூரில் விட்டுவிட்டு மயிலாடுதுறை பஸ் ஏறினேன். மடியில் மருந்துப் பை இல்லை. வழியெல்லாம் அறுப்பு. என்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல; பக்கத்துச் சீட்டு அம்மா, “பொண்ணு வீட்டுக்கா?” என்று கேட்டார். “கடலுக்குங்க,” என்றேன்.

முழங்கால் தண்ணீரில் நின்றபோது போன் வந்தது. நாத்தனார்தான். “அண்ணி, ஊசி எடுத்த எடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது.”

“நர்ஸைக் கூப்பிடு. அவங்க வர்ற வரைக்கும் பஞ்சை அழுத்திப் பிடி. எடுத்து எடுத்துப் பாக்காத.”

அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கரையேறிச் செருப்பை மாட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் அவரே பேசினார். “நின்னுடுச்சு. நீ கெளம்பிடாத.”

செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். இடுப்புவரை அலை அடித்தது. ஊதாப் புடவை முழுக்க மணல்.

இரவு வீடு திரும்பியபோது நாத்தனார் சுவரில் சாய்ந்து கிடந்தாள். “ஒரு நாளைக்கே முடியல அண்ணி, நீங்க நாலு வருஷமாப் பாக்குறீங்க. இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து பாத்துக்குறேன்.”

ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை நான். “சரி,” என்றேன் உடனே. அடுத்த சனிக்கிழமை எங்கும் போகவில்லை. மதியம்வரை தூங்கினேன்.