மூட்டையை அவிழ்த்த இராக்கம்மா

நான் இப்போது வேலை பார்க்கும் ஆய்வில் ஒரு சொற்றொடர் அடிக்கடி வருகிறது: 'பெற்றோரால் ஏற்பட்ட தாமதம்'. பிள்ளைகளின் தசையிலும் கொழுப்பிலும் நரம்பைச் சுற்றியும் வளருகிற மென்னிழையப் புற்றுநோய்களைப் பற்றிய ஆய்வு அது. கட்டி முற்றிய பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகளை இந்தச் சொற்றொடரின் கீழ் போடச் சொல்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அநேகமாக அங்கேதான் போய் விழுகிறார்கள். போன வாரக் கூட்டத்தில் ஒருவர், "அந்த மக்களுக்கு விழிப்புணர்வு குறைவு" என்றார். எனக்குக் காது சுட்டது. அந்த மக்களில் நானும் ஒருத்தி. இராக்கம்மா அக்காவை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதி முடிக்காமல் அந்தச் சொற்றொடரை இனி என் கையால் எழுதமாட்டேன்.

லுணுகலைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தின் மேப்பிரிவில் அவரும் நானும் ஒரே லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய் இருக்கிற தொழிலாளர் வீடுகள். அக்கா கொழுந்து பறிப்பவர். வாய்க்காரி என்று பெயர் வாங்கியவர். ஈரக் கொழுந்து என்று சொல்லித் தராசடியில் இரண்டு கிலோவைக் கழித்த கங்காணியிடம், "ஒங்க தலையிலயும் தண்ணிதான் இருக்கு. அதுக்கு ஒங்க சம்பளத்துல கழிச்சாங்களா?" என்று கேட்டவர். அவருடைய புருசன் சின்னராசா அண்ணன் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை. அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அக்கா பேசுகிறார் என்று லயத்தில் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, யசோதினி. அப்போது ஐந்து வயது.

நான் எங்கள் லயத்திலிருந்து கெம்பஸ் போன முதல் ஆள். தாவரவியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த 1998ஆம் ஆண்டுக் கடைசியில், எங்கள் தோட்டத்துக்கே ஓர் ஆய்வுக் குழு வந்தது. கைவிடப்பட்ட தேயிலை மலைகளை ஒரு செடி மூடிக்கொண்டிருந்தது. ஆள் உயரம், வெள்ளைப் பூ. எந்த நாட்டிலிருந்தோ வந்து, நம் செடிகள் எதையும் முளைக்கவிடாமல் மலை மலையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினால் ஒழியுமா, வெட்டினால் ஒழியுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. தலைவர் கலாநிதி குமாரசிங்கம், கொழும்பிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. பிடுங்குகிற வேலைக்குத் தோட்டத்துப் பெண்களை எடுத்தார்கள். அக்காவும் வந்தார்.

அந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. செடியின் விதை தூசு மாதிரி. காற்றுப் பட்டால் பக்கத்து மலைக்குப் போய்விடும். அதனால் முதலில் பூத்தலைகளை மெதுவாக அறுத்து உரச்சாக்குக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகுதான் வேரோடு பிடுங்கலாம். சாக்குகளை ரோட்டோரம் இறக்கிக் குழியில் எரிப்பார்கள். ஆய்வுக்கு வேண்டிய இலையும் வேரும் ஐஸ் பெட்டியில் வெள்ளிக்கிழமைதோறும் அனுமதிக் கடிதத்தோடு ஜீப்பில் கொழும்புக்குப் போகும்.

முதல் நாள் குமாரசிங்கம் சேர் பெண்களுக்கு விளக்கம் சொன்னார். "இது வேற நாட்டில இருந்து வந்த செடி. இஞ்ச உள்ளதுகளின்ர இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"எங்களயும் அப்பிடித்தாங்கய்யா சொல்றாங்க" என்றார் அக்கா. "எங்க தலயயும் மொதல்ல சாக்குலதான் கட்டுவீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் அது சிரிப்பாகவே இருந்தது.

யசோதினியின் வலது முழங்கைக்குக் கீழே ஒரு வீக்கம் இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர், விழுந்த வீக்கம் என்று தைலம் கொடுத்தார். வீக்கம் வற்றவில்லை. அக்கா மறுபடி போய் நின்றார், மறுபடியும் தைலம். மூன்றாவது தடவை, "இந்தத் தைலத்த ஒங்க முழியில தடவுங்க, அப்பயாவது கண்ணு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு டொக்டர் பார்த்த உடனே கட்டியிலிருந்து சிறு துண்டு அறுத்து, சதை கெடாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர்க் குப்பியில் போட்டார். அதைக் கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தால்தான் என்ன கட்டி என்று தெரியும். ஆஸ்பத்திரியில் அனுப்ப வசதியில்லை, சொந்தக்காரர்தான் கொண்டுபோக வேண்டும். அப்போது அதுதான் வழக்கம். பிள்ளையின் சதையைப் பெற்றவர்களே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

அக்காவிடம் அடையாள அட்டை இல்லை. அண்ணனிடமும் இல்லை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுத் தேயிலையைப் பறித்தும் பிரஜை இல்லாத ஆட்கள் எங்கள் லயத்தில் பாதி. யுத்த காலத்தில் கார்ட் இல்லாத தமிழ் முகம் கொழும்புக்குப் போவதென்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அக்கா குமாரசிங்கம் சேரிடம் போய், ஜீப்பில் அந்தக் குப்பியை மட்டும் கொண்டுபோகக் கேட்டார். நான் அந்த வாரம் சர்டிபிகேட் எடுக்கப் பேராதனைக்குப் போயிருந்தேன். சாரதி ஸரூக் நானாதான் பிறகு சொன்னார்.

"சேர் கொண்டுபோக ஏலாண்டுட்டார் தங்கச்சி. அந்த மனிசி அப்பிடியே பஸ் ஹோல்ட்டுக்குப் போயிட்டு."

ஆம்பிளை போனால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று அக்காவே போனார். பாதி வழியில் ஒரு செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். நடந்ததை அக்கா எனக்கு ஒரு தடவைதான் சொன்னார்.

"கார்டு எங்கேன்னான். இல்லன்னேன். பைய்யக் கொட்டுன்னான். குப்பியப் பாத்துட்டு என்ன தண்ணின்னான். எம் புள்ளயோட சத, நோய் பாக்கக் கொண்டு போறேன்னு சிங்களத்துலதான் சொன்னேன். தொறந்து மோந்தான். மூக்கு எரிஞ்சிருச்சு அவனுக்கு. அப்பிடியே ரோட்டுல கவுத்துட்டான்."

"நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

"என்ன செய்ய? குனிஞ்சு பொறுக்கினேன். மண்ணுல கெடந்துச்சு, சுண்டு வெரல் நகத்தளவு. குடிக்கிற தண்ணியில கழுவி, முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்."

பின்னேரம்வரை அங்கேயே இருத்தி வைத்தார்கள். மறுநாள் கொழும்பில் முந்தானையை அவிழ்த்துக் காட்டியபோது, பழுதாகிவிட்டது, இதில் ஒன்றும் பார்க்க முடியாது என்றார்கள். திரும்பி வந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புது ஆள் வரும்வரை காத்திருந்து, வந்த பிறகும் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டு, மறுபடி அறுக்க மூன்று மாதம் ஆனது. அதற்குள் முழங்கை மடங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை அறுத்தபோது பிள்ளை கத்தியதில் வெளியே நின்ற அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அலறினார். அவர் குரலை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அக்கா குப்பியோடு வேலைக்கு வந்தார். நேராகச் சேரிடம் போனார்.

"அய்யா, இந்தத் தடவ நீங்க கொண்டு போகணும்."

சேர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் சொல்லும் இவவுக்கு. ஜீப்பில எங்கட ஆய்வு மாதிரிகள் மட்டும்தான் ஏத்தலாம் எண்டு கடிதத்தில கிடக்கு."

"சேர், அது ஒரு சின்னக் குப்பி" என்றேன்.

"உமக்கு விளங்கேல்ல. என்ர பேரை வாசிச்ச உடனே இறக்கிப்போடுவாங்கள். எரியிற தண்ணியோட ஒரு குப்பியைக் கண்டால் என்ன நடக்கும்? எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. பயம் அவர் முகத்திலேயே இருந்தது. அந்தப் பயத்தை நான் மதிக்க வேண்டுமா, அதன் முகத்தில் காறித் துப்ப வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை. படித்தவர்களின் பயத்துக்கு ஒரு கடிதம் துணைக்கு இருக்கிறது. அக்காவின் பயத்துக்கு முந்தானைதான் இருந்தது.

அக்கா ஒன்றும் சொல்லாமல் மலையேறிப் போனார். வாய்க்காரி பேசாமல் போனது எனக்கு நல்லதாகப் படவில்லை. மத்தியானத்துக்கு மேல் பெண்கள் சாக்குகளைத் தலையில் சுமந்து இறங்கினார்கள். குழியை நோக்கித் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே வந்து, ஜீப் போக வேண்டிய தோட்டத்து ரோட்டின் குறுக்கே வரிசையாகப் போட்டார்கள். பாக்கியலெட்சுமி அக்கா தன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்.

"என்ன வேலை இது? எடுங்கோ எல்லாத்தையும்!" என்று சேர் ஓடி வந்தார்.

இராக்கம்மா அக்கா ஒரு சாக்கின் கட்டை அவிழ்த்தார். வாயைப் பிரித்துக் காற்றுப் பக்கம் திருப்பி, அடியில் ஓர் உதை விட்டார். வெள்ளையாக ஒரு புகை எழும்பிக் கீழே தேயிலை மலைப் பக்கம் போனது.

"ஐயோ, விதை! விதை போகுது!"

"தெரியுங்கய்யா. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க." அக்கா இரண்டாவது சாக்கில் கை வைத்தார். "இன்னும் இம்புட்டு மூட்ட இருக்கு. எம் புள்ள சத ஜீப்புல ஏறணும். இல்லாட்டி ஒவ்வொன்னா அவுப்பேன். அப்புறம் எத்தன வருசம் வேணும்னாலும் புடுங்குங்க."

"உவளுக்கு விசர் பிடிச்சிட்டுது! பிள்ளை, நீர் படிச்சனீர், சொல்லும்!"

"ஏய் பட்டதாரி" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ யாரு பக்கம்? சட்டுனு சொல்லு, கை வலிக்குது."

நான் அவர் கையிலிருந்த குப்பியை வாங்கி, ஐஸ் பெட்டியைத் திறந்து, இலைப் பைகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன். ஸரூக் நானா ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க தங்கச்சி" என்றார். சேர் காற்றில் மிதந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறினார். பெண்கள் மூட்டைகளை ஓரத்துக்கு இழுத்தார்கள்.

அதே செக் பொயின்டில் எங்களை நிறுத்தினார்கள். சேர் கடிதத்தை நீட்டினார். ஒருவன் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான். இலை, வேர், குப்பி. "பல்கலைக்கழக மாதிரிகள்" என்று சேர் ஆங்கிலத்தில் சொன்னார். மூடிவிட்டுப் போகச் சொன்னான்.

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதே சதை, அதே தண்ணீர், அதே ரோடு.

பரிசோதனையில் தெரிந்தது: தசையாக வளர வேண்டிய செல்களிலிருந்து கிளம்பிய புற்றுநோய். பிள்ளைகளுக்கே வருவது, வேகமாக வளர்வது. டவுன் ஆஸ்பத்திரி அம்புலன்ஸில் அக்காவையும் பிள்ளையையும் கொழும்புக்கு அனுப்பினார்கள், துணைக்கு நானும் போனேன். அங்கே டொக்டர் படம் போட்டுக் காட்டினார். சிறிதாக இருக்கும்போது வந்திருந்தால் மருந்தால் சுருக்கிக் கட்டியை மட்டும் எடுத்துப் பார்த்திருக்கலாம், கை தப்பியிருக்கக்கூடும். இப்போது கையை எடுத்தால்தான் பிள்ளை. இதைச் சொல்லிவிட்டு, எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்: "ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள்?"

"நான் பிந்தலங்க" என்றார் அக்கா. "நான் மாசியிலயே வந்துட்டேன். ஒங்க நாடுதான் வழியில என்னைய எறக்கி வச்சிருச்சு."

டொக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இப்போது வேலை பார்க்கிற இடத்தில் இருந்து யோசித்தால் ஊகிக்க முடிகிறது.

வலது கையைத் தோளோடு எடுத்தார்கள். மருந்து ஏற்ற ஒரு வருடத்துக்கு மேல் கொழும்பிலேயே இருக்க வேண்டி வந்தது. வேலைக்கு வரவில்லை என்று தோட்டத்தில் அக்காவின் பெயரை வெட்டினார்கள். அண்ணன் மட்டும் ஃபெக்டரியில் நின்று சம்பாதித்து அனுப்பினார். யசோதினி பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், தாயைவிடப் பெரிய வாய்.

கையை எடுத்த வாரத்தில் குமாரசிங்கம் சேர் வார்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். பிள்ளையைப் பார்த்தார், கண் கலங்கினார். அது நடிப்பில்லை. "நல்ல வேளை, அண்டைக்கு நாங்கள் கொண்டு வந்தது" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா எழும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ரெண்டாவது குப்பியக் கொண்டாந்தீங்கய்யா. அதுல புள்ள கெடச்சா. மொதக் குப்பியக் கொண்டாந்திருந்தா கையும் கெடச்சிருக்கும்."

சேர் பையைப் பிடித்தபடியே நின்றார்.

"ஆப்பிள் அவளுக்குப் புடிக்கும்" என்றார் அக்கா. "வச்சிட்டுப் போங்க."

அவர் வைத்துவிட்டுப் போனார். யசோதினி இடது கையால் பையை இழுத்து ஓர் ஆப்பிளை எடுத்தாள். அது பிடியில் நிற்காமல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் குனியப் போனேன்.

"விடு. அவளே எடுக்கட்டும்" என்றார் அக்கா, என்னையும் பார்க்காமல்.