ஜெபகனி சொன்ன தேதி

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் கர்ப்பிணிகள் வரிசைகட்டி உட்காருவார்கள். கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தேதி தெரியாது. அப்போது தேவகி டாக்டர் திரும்பிப் பார்ப்பது பிரசவ வார்டு ஆயா ஜெபகனியைத்தான். அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வாள்.

"விரிஞ்சிபுரம் கோயில் கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிக்கா. ஒரு நாலு நாள் கழிச்சி."

"அப்போ டிசம்பர் பதிமூணு. எழுதிக்கோங்க டாக்டரம்மா."

பேரணாம்பட்டுப் பெண்களுக்கு நோன்புக் கணக்கு, ஆலங்காயத்துப் பெண்களுக்கு ஆடிக் கிருத்திகைக் கணக்கு, தோல் டேனரி வீட்டுப் பெண்களுக்கு போனஸ் போட்ட வாரம். எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துத் தேதியாக்கிக் கொடுத்துவிடுவாள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்க்கிற மிஷின் ஏதும் அப்போது அந்த ஊருக்கு வரவில்லை. எத்தனை நாள் பொறுப்பது, எப்போது கத்தியை எடுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு தேதியை நம்பித்தான் நடந்தது. ஜெபகனி சொன்னால் தேவகி டாக்டர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்.

வார்டில் கத்துகிற பெண்களை அதட்டுகிறவளும் இதே ஜெபகனிதான். "சும்மா இரும்மா. யாருமே பெக்காத புள்ளையவா நீ பெக்கப் போற?" என்று தொடையில் ஒன்று வைப்பாள். ஒன்பது வருஷமாகக் கால் பிடித்துப் பழகியவள். அவளுக்கு வலி என்றாலே குலை நடுங்கும் என்று சொன்னால் ஆஸ்பத்திரியே சிரித்திருக்கும். ஆனால் உண்மை அதுதான். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் பயந்து இரண்டு வருஷம் கிராம்பை அடக்கிக்கொண்டே திரிந்தவள் அவள். ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்று நாள் இடுப்பு வலியில் கிடந்து, மூன்றாம் நாள் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டதைப் பார்த்தவள். அந்தப் பெண் இறுகப் பிடித்த நகக்குறி ஜெபகனியின் மணிக்கட்டில் ஒரு வாரம் இருந்தது. தனக்குக் கல்யாணமே ஆக வேண்டாம் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டாள்.

ஆனால் ஆயிற்று. முப்பது வயதில் இருதயராஜ் வந்தான். டேனரியில் தோல் போட்டுச் சுற்றுகிற டிரம்மில் வேலை. அவன் ஆர்.சி., இவள் தென்னிந்தியத் திருச்சபை. அவனுடைய கோயிலில் போய்த் தாலி கட்டிக்கொண்டாள் என்று அவளுடைய அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். தாய்வீடு என்று ஒன்று அதோடு போயிற்று. நாலு வருஷம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. எழுபத்து நாலில்தான் தங்கியது. இருதயராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. டேனரி பம்பில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை என்று சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் வருவான்.

மே மாதம் அவள் பெயரைப் பதிகிற நாளும் வந்தது. அன்றைக்கு முதலில் நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, எனக்கு ஆபரேஷன் பண்ணியே எடுத்துடுங்க."

தேவகி டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "நீயா இதக் கேக்கற? மத்தவங்களுக்கு ஊசிய பாத்து பயமா இருந்தா நீதானே திட்டுவ. எல்லாம் சுகப்பிரசவமா ஆகும், போ. உன் தேதிய நான் வேற கேக்கணுமா, நீயே சொல்லு."

உண்மைத் தேதி பிப்ரவரி இருபத்தொன்று. "ஜனவரி பத்து" என்றாள் ஜெபகனி.

வாய் தவறி வந்த பொய் இல்லை. இரண்டு வாரமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆறு வாரத்தை முன்னால் தள்ளிவிட்டால் அக்டோபர் நடுவில் 'தேதி' வந்துவிடும். வலி வராது. எப்படி வரும்? இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். முப்பத்து நாலு வயது, தலைப்பிரசவம், இத்தனை வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதற்கு மேல் தாமதிக்க மாட்டார்கள், கத்தியை எடுத்துவிடுவார்கள். பிள்ளை நாலு வாரம் முன்னால் வரும், அவ்வளவுதானே? அப்படி வந்து கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். மயக்க மருந்து, தூக்கம், கண் விழித்தால் பிள்ளை. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற பெண்கள் சத்தமே போடுவதில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

கணக்கு ஒரே ஒரு இடத்தில் பிசகியது. அக்டோபர் பதினேழு அன்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த தேவகி டாக்டர் முகம் சுளித்தார்.

"வயிறு சின்னதா இருக்கே ஜெபகனி. தேதி வந்தாச்சு, தலை இன்னும் எறங்கவே இல்ல. உள்ள கொழந்தைக்கு ஊட்டம் போகலையோன்னு பயமா இருக்கு. இனிமே விட்டு வைக்கக் கூடாது. நாளைக்குக் காலைல எடுத்துடலாம்."

நாளைக்கு என்றால் எட்டு மாதம்கூட நிறையவில்லை. "டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"பயப்படாதே. நான்தான் பண்ணப் போறேன்" என்று டாக்டர் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

கூப்பிட்டிருக்கலாம். நாலே எட்டுத்தான். அவள் கூப்பிடவில்லை. நாளையோடு எல்லாம் முடிந்துவிடும், வலி இல்லை என்கிற நிம்மதி அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள். இதை அவள் பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

பிள்ளை ஆண். அழுதான், ஆனால் பூனைக்குட்டி அளவுக்குத்தான் சத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஜெபகனிக்கு மயக்கம் தெளிந்ததும் வயிற்றில் தீயை வைத்த மாதிரி இருந்தது. இருமினால் உயிர் போனது. திரும்பிப் படுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆபரேஷன் ஆனவர்களின் வார்டில் அவளுக்கு என்றைக்கும் டியூட்டி இருந்ததில்லை. அங்கே பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை அவள் பார்த்ததே இல்லை.

இரண்டாம் நாள் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து இருதயராஜ் அவளைத் தள்ளிக்கொண்டு போனான். பிள்ளையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. அவள் பாதத்தைப் பார்த்தாள். நிறைமாதப் பிள்ளையின் உள்ளங்காலில் ரேகை ஓடியிருக்கும். எத்தனை நூறு பிள்ளைகளைக் குளிப்பாட்டியவள் அவள். இவன் பாதம் மழமழவென்று இருந்தது.

குழந்தை டாக்டர் சாந்தகுமாரும் அதைத்தான் பார்த்திருந்தார். இருதயராஜ் மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரத்தில் கட்டிலோரம் வந்து நின்றார்.

"நிறைமாசக் கொழந்தை மாதிரி தெரியலையே. நீ சொன்ன தேதி சரிதானா?"

நல்ல மனிதர். குரலில் அதட்டல் இல்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். டாக்டரையே ஏமாற்றி வயிற்றைக் கிழிக்க வைத்தவள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேசியிருக்கும். இருதயராஜின் முகத்தில் எப்படி விழிப்பது? எல்லாம் சரி. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தானே.

"சரிதான் டாக்டர்" என்றாள்.

"தேவகி டாக்டரும் அதான் சொல்றாங்க. ஜெபகனி தேதி தப்பாதுன்னு. அப்போ வேற ஏதோ கோளாறு. பாக்கறேன்."

வேறு கோளாறைத் தேடினார்கள். இருதயத்தைப் பார்த்தார்கள், இரத்தத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில், ஆறு மணி மணியடித்தபோது பிள்ளை அடங்கிவிட்டது. தேவகி டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முன்னாடியே எடுத்திருக்கணும், நான்தான் விட்டுட்டேன்" என்று கண் கலங்கினார். ஜெபகனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, தொட்டால் வலித்தது. பீய்ச்சிக் கழிவறையில் ஊற்றினார்கள். அந்த வலிக்கு மட்டும் அவள் மருந்து கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இருதயராஜ் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"எல்லாம் என்னாலதான் ஜெபா. அந்த கெமிக்கல் ஒடம்போட வந்து உன்னாண்ட படுத்தேன். எவ்ளோ குளிச்சாலும் நாத்தம் போவல. அதான் புள்ள மூச்சுல எறங்கிடுச்சி. டிரம்முல கூட வேல செய்ற ஜான் பாஷாவும் அப்டித்தான் சொல்றாரு."

அவள் மறுக்கவில்லை. அழுதாள். அந்த அழுகையை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

டிரம் வேலையை விட்டுவிட்டு அதே டேனரியில் கேட் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். தோலைத் தொடாமலேயே இரண்டு வேளையும் சோப்புப் போட்டான். கை தோலுரிந்து வெளுத்தது. அவள் பக்கத்தில் படுக்கவில்லை. ஒரு தடவை அவளாகத் தோளைத் தொட்டபோது, "வேணாம், இன்னொரு புள்ளையையும் கொல்லச் சொல்றியா?" என்றான். ஜெபகனி கையை எடுத்துக்கொண்டாள். அடுத்த பிள்ளை இல்லை என்றால் அடுத்த வலியும் இல்லை. அவனுடைய பாரத்தில் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அதையும் அவள் அறிந்தேதான் வாழ்ந்தாள்.

பத்து வருஷம் போயிற்று. கர்ப்பிணிகளிடம் தேதி கேட்கக் கூப்பிட்டால் காது சரியாகக் கேட்கவில்லை என்று நழுவிவிடுவாள். சாந்தகுமார் டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. எண்பத்து நாலில் ஒரு நாள் அவர் நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஜெபகனி பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிங்கறது அம்மாவுக்கு மட்டும் இல்ல, கொழந்தைக்கும் வேல செய்யுது. நுரையீரல்ல இருக்கற தண்ணி வத்தும், மூச்சு விட தயாராகும். அதனாலதான் முடிஞ்சவரைக்கும் வலி ஆரம்பிச்ச பிறகு ஆபரேஷன் பண்ணச் சொல்றோம்."

மாணவிகள் கலைந்து போன பிறகு ஜெபகனி அவர் முன்னால் போய் நின்றாள். "டாக்டர், மாசமும் நெறையாம, வலியும் எடுக்காம வெளிய எடுத்துட்டா?"

அவர் எழுதிக்கொண்டே பதில் சொன்னார். "கஷ்டம்தான். ஆனா மாசம் நெறையலன்னு தெரிஞ்சா நாம அதுக்கேத்த மாதிரி பாத்துக்கலாம். பாதிக்குப் பாதி பொழைக்கும். யாருக்காகக் கேக்கற?"

"சும்மாதான் டாக்டர்."

பகல் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனாள். இருதயராஜ் கேட்டிலிருந்து வந்து, பின்வாசல் கல்லில் குந்தி முழங்கை வரைக்கும் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னாள். ஜனவரி பத்தைச் சொன்னாள், பிப்ரவரி இருபத்தொன்றைச் சொன்னாள். வலிக்குப் பயந்ததைச் சொன்னாள். பிள்ளை உயிரோடு இருக்கும்போதே டாக்டர் வந்து கேட்டதையும், தான் சரிதான் என்றதையும், இன்றைக்கு அவர் பாதிக்குப் பாதி என்றதையும் சொன்னாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள்.

அவன் கையில் நுரையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அப்போ என்னால இல்ல" என்றான்.

கோபமில்லை. அவளைக் கேட்ட மாதிரியும் இல்லை. "என்னால இல்ல" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தான். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.